வளவைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்

(சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில், நவம்பர் மாத மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

நாம் கூடியிருப்பது தாருக் என்ற ஆதிக்குடி மக்களின் நிலம். அவர்களுடைய மூத்தோரை வணங்கித் தொடங்குகிறேன்.

வசந்தத்தின் கடைசி வாரங்களில் நம் வீட்டு வளவில் என்ன நடக்கிறது என்பதைப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். நாட்காட்டியின்படி இங்கே செப்டம்பர் முதல் தேதி வசந்தம் பிறந்து, நவம்பரோடு முடிந்துவிடும். ஆண்டுக்கு நான்கு பருவம், பருவத்துக்கு மூன்று மாதம் என்பது பிரித்தானியர் கொண்டுவந்த கணக்கு. இந்த மண்ணுக்கு அது பொருந்தவில்லை என்று சொன்னவர்களில் ஒருவர் டிம் என்ட்விசில். சிட்னி, மெல்பேர்ண் ஆகிய இரண்டு நகரங்களின் தாவரவியல் பூங்காக்களுக்கும் பொறுப்பாக இருந்த தாவரவியலாளர். 2014இல் வெளிவந்த நூலில் அவர் ஆண்டை ஐந்தாகப் பிரித்தார். ஆகஸ்டும் செப்டம்பரும் ஒரு பருவம். அக்டோபரும் நவம்பரும் வேறொரு பருவம். மெல்பேர்ண் பகுதியின் கூலின் மக்களோ தொன்றுதொட்டே ஏழு பருவம் வகுத்திருந்தார்கள். செப்டம்பர், அக்டோபர் தலைப்பிரட்டைப் பருவம். நவம்பர் புல் பூக்கும் பருவம். டிசம்பர் கங்காரு ஆப்பிள் காய்க்கும் பருவம். குளத்தையும் புல்லையும் புதரையும் பார்த்து வகுத்த கணக்கு அது. காரும் கூதிரும் முன்பனியும் பின்பனியும் இளவேனிலும் முதுவேனிலுமாக ஆண்டை ஆறாகப் பகுத்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஆனால், பார்த்துப் பருவம் அறியும் அந்தப் பழக்கத்தை நாம் இங்கே தொடர்கிறோமா? பல வீடுகளில் வளவு என்றாலே சனிக்கிழமை புல்வெட்டும் வேலை என்று ஆகிவிட்டது.

குயிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களில் பலர் இப்போது அதன்மீது கோபமாக இருக்கிறீர்கள். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கி, ஒவ்வொரு கூவலுக்கும் குரலை ஒரு படி உயர்த்தி, நித்திரையைக் கெடுக்கும் அந்தப் பறவை நமக்கு அந்நியமானதல்ல. யாழ்ப்பாணத்து மாமரத்திலும் மதுரை வேப்பமரத்திலும் கூவுகிற குயிலும் இதுவும் ஒரே பேரினம். இரண்டிலும் ஆண் பளபளக்கும் கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பு, மேலெல்லாம் வெண்புள்ளி. இனம் மட்டும் வேறு. நம் ஊர்க் குயில் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கிறது. இந்தக் குயில் குளிர்காலத்தை நியூகினி பக்கம் கழித்துவிட்டு, செப்டம்பர் வாக்கில் சிட்னிக்கு வருகிறது. மார்ச் அளவில் திரும்புகிறது. மெல்பேர்ணில் முன்பு அரிதாகவே கேட்ட குரல், அண்மை ஆண்டுகளில் அங்கேயும் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

கூடு கட்டாமல் பிறர் கூட்டில் முட்டையிடுவது இதற்கும் வழக்கம். ஊரில் காக்கை ஏமாறுகிறது. இங்கே பெரும்பாலும் ஏமாறுவது சிவப்பு வாட்டில்பறவை. கன்னத்தில் சிறு சிவப்புச் சதை தொங்க, கனைப்பும் இருமலும் கலந்த குரலில் கத்திக்கொண்டு பூச்செடிகளில் தேன் குடிக்குமே, அதுதான். ஊரில் குயில்குஞ்சு பொதுவாகக் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். இங்கத்தைய குஞ்சு அப்படியல்ல. பொரித்து வெளிவந்ததும் கூட்டிலிருக்கும் மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் வெளியே தள்ளிவிடும். பிறகு ஜனவரி மாதத்தில் பாருங்கள்: தன்னைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்ட ஒரு பழுப்புக் குஞ்சின் வாயில் வாட்டில்பறவை ஓய்வில்லாமல் இரை ஊட்டிக்கொண்டிருக்கும். குயிலைக் கல்லெறிந்து துரத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அது சட்டத்தால் காக்கப்பட்ட பறவை என்பது ஒருபுறம். வாட்டில்பறவை இந்நகரில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பறவை. குயில் வருவதால் அது அருகிப் போய்விடவில்லை. இருவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொண்டு வரும் வழக்கில் நாம் நடுவராக வேண்டியதில்லை.

இப்போது உங்கள் வேலியோரம் சிவந்து கிடக்கும் பாட்டில்பிரஷ் மரத்தருகே ஒருமுறை போய் நில்லுங்கள். தமிழ்நாட்டுப் பூங்காக்களிலும் நட்டிருப்பார்கள். பலரும் அதை ஊர் மரம் என்றே நினைத்திருப்பீர்கள். இதன் தாயகம் அவுஸ்திரேலியா. சிவப்பாகத் தெரிவது இதழ் அல்ல. இதழ்கள் சிறியவை, மங்கலானவை, கண்ணில் படமாட்டா. சிவப்பெல்லாம் மகரந்தத் தாள்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டு மகரந்தம். பூங்கொத்தின் உச்சியை உற்றுப் பாருங்கள். பல செடிகளில் பூங்கொத்தோடு காம்பு முடிந்துவிடும். இங்கே பூங்கொத்தைத் துளைத்துக்கொண்டு புதுத் தளிர் கிளம்புகிறது. அதே கிளை மேலே வளர்கிறது. அதற்குக் கீழே கிளையைத் தடவினால் மணிமணியாகக் கெட்டிக் காய்கள் ஒட்டியிருக்கும். அவை போன வசந்தத்தினவை. இன்னும் கீழே அதற்கு முந்திய வசந்தத்தினவை. காட்டுத்தீ வந்தாலோ கிளை பட்டாலோதான் அவை பிளந்து விதையை உதிர்க்கும். அதுவரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஒரு கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த மரம் எத்தனை வசந்தம் பூத்தது என்று உங்கள் பிள்ளை எண்ணிச் சொல்லிவிட முடியும்.

இந்த மரத்துக்கு வானவில் லோரிகீட் கிளிகள் கூட்டமாக வரும். அவற்றின் நாக்கு நுனியில் மெல்லிய தும்பு உண்டு. மகரந்தத்தையும் தேனையும் துடைத்தெடுக்கப் பிறப்பிலேயே வாய்த்த கருவி. பாணும் தேனும் சீனித் தண்ணீரும் வைத்து அவற்றைக் கைக்கு அழைக்கிறவர்களை நான் அறிவேன். அன்பினால் செய்கிறார்கள். ஆனால் அந்த உணவு அவற்றின் உடலைக் கெடுக்கிறது; ஒரே தட்டில் பல பறவைகள் வாய்வைப்பதால் நோய் பரவுகிறது. பூ இருக்கும்போது தட்டு எதற்கு?

இங்கே ஒரு கசப்பான செய்தியைச் சொல்ல வேண்டும். பறவைகளை விரும்பி, நாற்றுப்பண்ணைக்குப் போய், ஆண்டு முழுவதும் பெரிய பூவாகப் பூக்கும் கிரெவில்லியாக் கலப்பினங்களை வாங்கி வரிசையாக நடுகிறோம். 'ராபின் கோர்டன்' போன்ற வகைகள் சிட்னியில் பார்க்கும் இடமெல்லாம் உண்டு. பூக்கள் அழகு, தேனும் அதிகம். ஆனால் அவ்வளவு தேன் இருந்தால் யார் வருவார்கள்? பலசாலிகள்தான். நாய்சி மைனர் என்ற சாம்பல் நிறப் பறவை கூட்டமாக வந்து வளவைப் பிடித்துக்கொள்ளும். ஊரில் புலுனி என்றும் தவிட்டுக்குருவி என்றும் சொல்கிற பறவையைப்போலக் கூட்டத்தோடு திரிவது. ஆனால் புலுனி யாரையும் விரட்டாது. இது தன்னைவிடச் சிறிய பறவை எதையும் அந்தப் பக்கம் அண்ட விடாது. இந்நாட்டுச் சொந்தப் பறவைதான். இருந்தும், காட்டை வெட்டித் துண்டாக்கி, ஓரங்களையும் திறந்த புல்வெளிகளையும் நாம் பெருக்கியதால், அதன் பெருக்கம் மற்றப் பறவைகளுக்கு அச்சுறுத்தல் என்று மத்திய அரசு 2014இல் சட்டப்படி அறிவிக்க வேண்டி வந்தது.

அதனால் இழந்தவற்றில் ஒன்று நீலக் குருவியாகிய சூப்பர்ப் ஃபேரி-ரென். கட்டைவிரல் அளவு உடல், நிமிர்ந்த வால். இனப்பெருக்க காலத்தில் ஆணின் தலையிலும் கழுத்திலும் மின்னும் நீலத்துக்கு நான் இணை கண்டதில்லை. 2021இல் இந்நாட்டு மக்கள் வாக்களித்து அதை ஆண்டின் பறவையாகத் தெரிந்தெடுத்தார்கள். அதன் கதை இன்னும் வியப்பானது. அதன் கூட்டிலும் ஒருவகைச் சிறு குயில் முட்டையிடும். அடிலெய்டில் உள்ள ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: தாய், அடைகாக்கும்போதே முட்டைகளைப் பார்த்து ஒரு தனிக் குரல் கொடுக்கிறது. ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சு அதைக் கேட்டுப் பழகுகிறது. பொரித்து வெளியே வந்ததும், இரை கேட்கும் குரலில் அதே ஒலியைச் சேர்த்துக் கூப்பிடுகிறது. கூட்டுக்குக் கூடு அந்த ஒலி மாறும். குயில்குஞ்சு அதைக் கற்றிருக்காது. ஒலி பொருந்தாவிட்டால் பெற்றோர் சந்தேகப்பட்டுக் கூட்டையே கைவிடவும் செய்யும். அபிமன்யு கருவிலிருந்தே சக்கர வியூகத்தைக் கேட்டான் என்று நாம் கதை சொல்லி வளர்ந்தவர்கள். இங்கே அது வேலியோரப் புதருக்குள் நடக்கிறது.

அந்தக் குருவி வர வேண்டுமானால் அதற்கு அடர்த்தி வேண்டும். முள்ளும் நெருக்கமும் உள்ள உள்நாட்டுப் புதர், சிறு பூ, கீழே புல், அடியில் சருகு. ஹேக்கியா, பர்சாரியா போன்றவற்றை இரண்டு மூன்றாகச் சேர்த்து நட்டு, வெட்டி உருண்டையாக்காமல் விட வேண்டும். பெரிய பூவை மட்டும் நட்டு மற்ற எல்லாவற்றையும் வழித்துவிடுகிற வளவில் பலசாலிகளைத் தவிர யாரும் வாழ முடியாது.

மைனாவைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சள் மூக்கு, மஞ்சள் கால், பழுப்பு உடல், நம் ஊரின் அதே மைனா. 1862இல் மெல்பேர்ணில், காய்கறித் தோட்டத்துப் பூச்சிகளை ஒழிக்கும் என்று கொண்டுவந்து விட்டார்கள். இன்று மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு உள்நாட்டுக் கிளிகளை வெளியேற்றுகிறது. அதைக் கண்டால் எனக்கும் ஊர் நினைவு வந்து மனம் இளகத்தான் செய்கிறது. ஆனாலும் நாய்க்கும் பூனைக்கும் வைத்த சோற்றை வெளியே மிச்சம் விட்டு அதை வளர்க்காதீர்கள். இந்த நாட்டில் அதனால் துன்பமே விளைந்திருக்கிறது.

மரங்களுக்கு வருவோம். இந்த வாரம் சிட்னித் தெருக்கள் ஜகரண்டாவின் ஊதாப் பூவால் மூடிக் கிடக்கின்றன. மெல்பேர்ணில் இன்னும் சில வாரம் பிந்தும். கொடைக்கானலிலும் பெங்களூரிலும் இந்த மரத்தை மார்ச், ஏப்ரலில் பூக்கக் கண்டிருப்பீர்கள். அதன் தாயகம் தென் அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டில் இங்கே அதைக் கன்றாக்குவது கடினமாக இருந்தது. டபுள் பே பகுதியில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த மைக்கேல் கில்ஃபாயில் அதற்கு வழி கண்டார். அவருடைய மகன் வில்லியம்தான் பிற்காலத்தில் மெல்பேர்ண் தாவரவியல் பூங்காவுக்கு இன்றைய வடிவைக் கொடுத்தவர். சிட்னிப் பல்கலைக்கழக முற்றத்தில் 1928இல் நட்ட ஜகரண்டா பூக்குமுன் படிக்கத் தொடங்காதவன் பரீட்சையில் தேறமாட்டான் என்று மாணவர்கள் சொல்வார்கள். அந்த மரம் 2016 அக்டோபரில் சாய்ந்தது. அதிலிருந்து ஒட்டு எடுத்து வளர்த்த கன்றையே மறு ஆண்டு அந்த இடத்தில் நட்டார்கள்.

ஜகரண்டாவை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். அதே நாட்களில், கூரைக்கு மேலே உயர்ந்து, சீப்புப் பல் வரிசையில் செம்பொன் நிறத்தில் பூக்கிற இன்னொரு மரத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இலை பன்னம்போல் பிளந்து, அடிப்பக்கம் வெள்ளிபோல் மினுங்கும். மலையகத்திலும் நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைக்கு நிழல் தருகிற சில்வர் ஓக் மரம் அது. இந்த நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து போனது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் நிழலில் கொழுந்து பறித்தார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் அதன் சொந்த மண்ணில் குடியிருக்கிறார்கள். இந்த மாதம் அந்த மரத்தைத் தேடிப் பார்த்து, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மாலையில் தெருவெல்லாம் மல்லிகை மணக்கிறதே என்று நினைத்திருப்பீர்கள். வேலிகளில் படர்ந்திருக்கும் ஸ்டார் ஜாஸ்மின் அது. ஒரு காம்பைக் கிள்ளிப் பார்த்தால் பால் வடியும். மல்லிகையில் பால் வராது. இது அலரியின் குடும்பம். நம் குண்டுமல்லிக்கு இன்னும் சூடு வேண்டும். சிட்னியில் அது கோடையில்தான் மனம்வைத்துப் பூக்கும்.

இனி, உங்களில் பலரைக் கதவைச் சாத்த வைக்கிற உயிர். இப்போதைய வெயிலில் நடைபாதைக் கல்லில் படுத்துக் குளிர்காயும் நீலநாக்குப் பல்லி. அரை மீட்டருக்கு மேலும் வளரும். பட்டை பட்டையான உடல், மிகக் குட்டையான கால். தூரத்தில் பார்த்தால் பாம்பென்றே தோன்றும். கிட்டப் போனால் வாயைத் திறந்து அகன்ற நீல நாக்கை நீட்டிச் சீறும். அவ்வளவுதான் அதன் ஆயுதம், விஷம் இல்லை. முறைப்படி சொன்னால் இது ஒரு பெரிய அரணை. அரணை கடித்தால் மரணம் என்று ஊரில் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். அங்கேயும் அது பொய், இங்கேயும் பொய். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இவை துணை தேடி அலையும் காலம். பெண் முட்டையிடாது, கோடையில் குட்டியாகவே ஈனும். இதன் விருப்ப உணவு நத்தை. உங்கள் கீரைப் பாத்தியை அழிக்கிற அதே நத்தை. நாமோ நத்தைக்கு நஞ்சுக் குளிசை தூவுகிறோம். நஞ்சுண்ட நத்தையைத் தின்று பல்லி சாகிறது. அடுத்த ஆண்டு நத்தை இன்னும் பெருகுகிறது. குளிசையை நிறுத்துங்கள். வேலியோரம் ஓட்டுத் துண்டும் மரக்கட்டையும் சருகும் ஒரு மூலையில் கிடக்கட்டும். புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுமுன் உயர்ந்த புல்லை ஒருமுறை நடந்து பாருங்கள். முற்றத்தைச் சருகு ஒன்றும் இல்லாமல் கூட்டி வைப்பதை அழகு என்று நம் தாய்மார் கற்றுத் தந்தார்கள். பாம்பு வரும் முற்றத்தில் அது தேவையான பாடம். வீட்டுவாசலில் அப்படியே கூட்டுங்கள். பின்வளவின் ஒரு மூலையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மெல்பேர்ண் நண்பர்கள் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, மெல்பேர்ண் கோப்பைக் குதிரைப் பந்தய நாளில் தக்காளி நடுவார்கள். அதன்பின் இரவுக் குளிருக்குப் பயமில்லை என்பது அங்கத்தைய தோட்டக்காரர் கணக்கு. சிட்னியில் இப்போது தக்காளியும் கத்தரியும் பூத்தே விட்டன. கத்தரிப் பூவின் மகரந்தப்பை மற்றப் பூக்களைப்போல் திறந்திருப்பதில்லை. நுனியில் ஒரு சிறு துளை மட்டும். உலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். 1822இல் இங்கே கொண்டுவந்த ஐரோப்பியத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தெரிந்தது இந்நாட்டு நீலவரித் தேனீக்கு. கறுத்த வயிற்றில் பளிச்சென்ற நீல வரிகள். அக்டோபரில் வெளிவரத் தொடங்கும். பூவைக் காலால் பற்றிக்கொண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 350 தடவை தலையால் மோதி அதை அதிரவைக்கிறது என்று அடிலெய்ட் பல்கலைக்கழகமும் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்த ஆய்வில் படம்பிடித்துக் காட்டினார்கள். பாத்தியருகே நின்றால் காதாலேயே கேட்கலாம்: பறக்கும்போது ஒரு ரீங்காரம், பூவில் இறங்கியதும் சுருதி மாறும். இது தனியே வாழும் தேனீ. ஒவ்வொரு பெண்ணும் மண்ணில் தனக்கென்று ஒரு துளை தோண்டி முட்டையிடும். ஆண்களோ பொழுது சாய்ந்ததும் ஒரு காய்ந்த தண்டைத் தாடையால் கடித்தபடி வரிசையாகத் தூங்கும். அந்தத் தண்டு காய்ந்துவிட்டதே என்று பிடுங்கிவிடாதீர்கள். வளவு முழுவதையும் சிமெந்தால் மூடிவிட்டால் பெண்ணுக்கும் இடமில்லை.

இது வெறும் அழகுப் பேச்சல்ல. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் தேனீக்களைத் தாக்கும் வரோவா உண்ணி கண்டுபிடிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில், அதை முற்றாக ஒழிக்க முடியாது என்று அரசு ஒப்புக்கொண்டது. காட்டில் பரவியிருந்த ஐரோப்பியத் தேனீக் கூடுகள் அந்த உண்ணியால் அழியும். இதுவரை நாம் கேளாமலே கிடைத்த மகரந்தச் சேர்க்கையில் பெரும்பகுதி அவற்றின் வேலை. இனி உள்நாட்டுத் தேனீக்களின் பங்கு கூடும். பூச்சிமருந்து அடிக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல் கிடக்கும் புழுவைத் தொட்டால், தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பை நீட்டி ஒரு வாடை வீசும். அதுவும் பின்னர் பெரிய வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கப்போவது. நாலு இலை போனால் மரம் செத்துவிடாது.

மல்பெரி, லோக்காட், பீச் என்று பழம் பழுக்கும் காலம் இது. வலை கட்டுகிறவர்கள் கண் அளவைப் பாருங்கள். பரமட்டா பூங்காவில் ஆற்றோரம் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் இப்போது குட்டியும் கையுமாக இருக்கின்றன. பெரிய கண்ணுள்ள வலையில் தாய் சிக்கினால் முகாமில் காத்திருக்கும் குட்டியும் சாகும். விக்டோரியாவில் 2021 செப்டம்பர் முதல், இழுத்துப் பிடித்தால் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கண்ணுள்ள வலையை வீட்டுப் பழமரத்தில் கட்டுவது சட்டவிரோதம். சோதிப்பது எளிது: விரல் உள்ளே போனால் அந்த வலை வேண்டாம். சிக்கிய வௌவாலைக் கையால் தொடாதீர்கள். அதன் கடியால் கொடிய நோய் தொற்றக்கூடும். மீட்பவர்களை அழையுங்கள். நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ், மெல்பேர்ணில் வைல்ட்லைஃப் விக்டோரியா.

கடைசியாகத் தவளை. ஐப்பசி, கார்த்திகையில் வன்னியிலும் தஞ்சையிலும் மழை இறங்கி வயலெல்லாம் தவளை கத்துகிற அதே நாட்களில், உலகின் இந்தக் கோடியிலும் தவளைகள் கத்துகின்றன. வளவில் ஒரு சிறு தொட்டித் தண்ணீர் இருந்தாலே சிட்னியில் வரியுள்ள சதுப்புத் தவளை வந்துவிடும். டென்னிஸ் பந்தை மட்டையால் அடித்தாற்போல் 'டொக்' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். நீர்மேல் வெண்ணுரை மிதந்தால் அது அழுக்கு அல்ல, அதன் முட்டைகள். நுரையை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள்.

அவுஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017 நவம்பரில் ஃபிராக் ஐடி என்ற கைபேசிச் செயலியைத் தொடங்கியது. தவளையின் குரலைப் பதிவுசெய்து அனுப்பினால், அது எந்தத் தவளை என்று நிபுணர்கள் கேட்டுச் சொல்வார்கள்; உங்கள் பதிவு நாட்டின் கணக்கில் சேரும். ஒவ்வொரு நவம்பரிலும் அதற்கென்றே ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். தவளையைப் பிடிக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். செயலி இலவசம். நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இந்த மாதத்துக்குள் ஒரு குரலையாவது பதிவுசெய்து அனுப்ப வேண்டும் என்று ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.